ஜிர்காடாங் தாண்டி எடுத்த படம்

சனிக்கிழமை காலை தஸ்லிமா போன் செய்தாள். அபர்தீன் பஜாரில் அவள் அத்தாவுக்குத் துணிக்கடை. நான் இணையத்தில் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான்.

"சௌமி, நீ போட்ருக்கிற மரத்த நல்லாப் பாத்தியா?"

"கர்ஜன் மரம்டி. வேரைப் பாரு, சுவர் மாதிரி..."

"அரே, மரத்த விடு. இடது ஓரத்தைப் பெருசாக்கிப் பாரு."

பார்த்தேன். வேருக்கும் புதருக்கும் நடுவில் ஒரு தோள். நெற்றியில் சிவப்பு நூல் கட்டிய ஒரு சிறுமியின் பாதி முகம். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதாவது என்னை.



நான் தாவரவியல் படித்தவள். ஆட்களிடம் பேச வராது, எழுத வரும். வாரம் ஒரு பதிவு. படித்த புத்தகம், தீவின் பழைய சங்கதி, போய் வந்த ஊர், வீட்டில் நடந்தது, பேப்பரில் வந்தது என்று எதுவாகவும் இருக்கும். நூற்றுச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். இந்த முறை, காட்டை வெட்டிச் சாலை போட்ட கதையை நூலகப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். அந்தச் சாலையில்தான் அப்பா ரங்கத் ஊருக்குப் பஸ் ஓட்டுகிறார். செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன்.

ஜிர்காடாங் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஜரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகள் வரிசையாக, போலீஸ் வண்டியோடு, எங்கும் நிற்காமல் போகவேண்டும். படம் எடுக்கக் கூடாது. எடுத்தால் வழக்கு. இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். மரம்தானே என்று நினைத்தேன்.

பதிவின் கடைசிப் பத்தியில், அந்த மக்களை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களைத் திட்டி எழுதியிருந்தேன். முதல் வரியில், 'அப்பாவின் பஸ்ஸில், அவருக்குப் பின் சீட்டில்' என்று எழுதியிருந்தேன்.

பதிவை அழித்தேன்.

"நான் பாக்கிறப்பவே பதினோரு பேர் ஷேர் பண்ணிட்டாங்க," என்றாள் தஸ்லிமா. "கீழ ஒருத்தன், 'நிஜ ஜரவாவா? இன்னும் இருந்தா போடுங்க'ன்னு கேக்கிறான்."

அப்பா பதினாறு வருடமாகத் தினக்கூலி டிரைவர். நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் இந்த மாதம் வரவேண்டும். போன மழைக்காலத்தில் யாரோ ஒரு பயணி ஜன்னல் வழியாக பிஸ்கட் பாக்கெட்டை வீசினார். அந்த வண்டியை ஓட்டிய பக்தவத்சலம் மாமாவுக்கு வேலை போயிற்று. வீசியவர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்.

அப்பா ரங்கத்திலிருந்து திரும்ப மதியம் இரண்டு மணி ஆகும். ஷாதிபூரில் எங்கள் வீடு ரோட்டோரம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஜன்னலுக்குப் போனேன். ஜீப் ஒன்று வேகம் குறைத்தபோது சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அது எதிர்வீட்டுக்கு வந்த ஜீப்.

அப்பா வந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ரசத்துக்கு வரும்போதே சொல்லிவிட்டேன். போனில் வைத்திருந்த படத்தை நீட்டினேன். அவர் இடது கையால் வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"ஜிர்காடாங்ல வண்டிக்குள்ள திரும்பி நின்னு என்ன சொன்னேன்?"

"எல்லாரும் போனை உள்ள வைங்கன்னு."

"எந்தப் பாஷையில?"

"ஹிந்தி, பெங்காலி, அப்புறம் தமிழ்."

"உனக்கு எந்தப் பாஷையில சொல்லணும்? மரத்துப் பாஷையிலயா?"

"புள்ளைய ஏங்க வையுறீங்க? மரத்தத்தான எடுத்தா?" என்றார் அம்மா.

"போலீஸ்கிட்ட நீ போய்ச் சொல்லு, சுசீலா. மரத்துக்குப் பின்னால ஆள் நின்னது மரத்தோட தப்புன்னு."

அம்மா சற்று யோசித்தார். "யாரோ டூரிஸ்ட் எடுத்து இவளுக்கு அனுப்புனதுன்னு சொல்லிட்டா?"

அப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். "அன்னைக்கு என் பக்கத்துச் சீட்டுல ஒரு கல்கத்தாக்காரர் இருந்தாரு," என்றார். "இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாரு. பேர்கூட யாருக்கும் தெரியாது."

எனக்கு அவரைத் தெரியும். அப்பா சொன்னதும் போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தவர். மனைவியின் போனையும் வாங்கி உள்ளே வைத்தவர். பாராடாங் படகுத்துறையில் எனக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

"வேலைக்கு அப்ளிகேஷன் போட்ருக்க," என்றார் அப்பா என்னைப் பார்க்காமல். "கேஸ்னு வந்தா உனக்கும் போச்சு, எனக்கும் போச்சு. வாயத் திறக்காத. உனக்கு அது கஷ்டமில்லையே."

மூன்றரைக்கு டிப்போவிலிருந்து போன். கிளார்க்கின் குரல் எனக்கே கேட்டது. "ஜெகநாதன் பாய், ஏக் பார் ஆ ஜாவ். சாஹப் புலா ரஹே ஹை." அதிகாரி கூப்பிடுகிறார், ஒரு தடவை வந்து போகவேண்டுமாம்.

அப்பா கழற்றிய காக்கிச் சட்டையை மறுபடி மாட்டினார். பொத்தான் மாறிப் போட்டார். நான் ஸ்கூட்டருக்குப் பின்னால் போய் நின்றேன். அப்பா வண்டியைக் கிளப்பியதும் ஏறிக்கொண்டேன்.

டிப்போ அறையில் அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் இருந்தார்கள். மேசைமேல் என் படம், தாளில் அச்சாகியிருந்தது. தாளில் அந்தச் சிறுமி இன்னும் தெளிவாகத் தெரிந்தாள். யாரோ அவளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"யே கிஸ்னே கீஞ்சா?" யார் எடுத்தது என்று போலீஸ்காரர் கேட்டார்.

"சாஹப், ஏக் டூரிஸ்ட் தா..." அப்பாவின் குரல் கீச்சென்று வந்தது. அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை. "கல்கத்தா கா. ஆகே கீ சீட் பர்..."

முன் சீட்டில் இருந்த கல்கத்தாக்காரர் என்று போலீஸ்காரர் எழுத ஆரம்பித்தார். அந்தத் தேதியில் போன பயணிகளின் பெயர் செக்போஸ்ட் படிவத்தில் இருக்கும், ஆளைப் பிடிக்க ஒரு நாள் போதும் என்றார். அப்பா அதை மறந்துவிட்டார். வாரம் மூன்று முறை அந்தப் படிவத்தைக் கையில் கொடுப்பவர் அவரே.

நான் மேசைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன். 

"மைனே லியா," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "சார், படம் எடுத்தது நான். பாப்பா நே மனா கியா தா." அப்பா எடுக்காதே என்றுதான் சொன்னார் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

என் போனை ஒரு உறையில் போட்டார்கள். பெயர், வயது, படிப்பு எழுதிக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரவேண்டும். அதிகாரி அப்பாவிடம், மறு உத்தரவு வரும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா கேட்கவுமில்லை.

வெளியே வந்தோம். ஸ்கூட்டர் மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.

"ஏறு," என்றார்.

ஏறினேன். அவர் தோளைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.