இங்கே யார் பொறுப்பு?

சின்ன பாஸ்டர் காரிலிருந்து இறங்கிய கையோடு ஆலயத்துக்குள் நுழைந்து, நாற்காலியை எப்படிப் போடவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவை சரியாகத்தான் போடப்பட்டிருந்தன. நடுவில் சவப்பெட்டி வரத் தோதாக வழி விட்டு, முதல் வரிசையைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கி, வாசலோரம் சக்கர நாற்காலிக்குக்கூட இடம் வைத்திருந்தார்கள். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வயது ஐம்பதைத் தாண்டியும் இந்தச் சபைக்கு அவர் சின்ன பாஸ்டர்தான். பெரிய பாஸ்டர் அவருடைய அப்பா. அன்று விடியும்போது தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். மகனுக்கு வேறொரு ஊரில் மாடிக் கட்டடமும், உட்கார இடம் போதாத கூட்டமுமாகப் பெரிய சபை இருந்தது. போதாததற்குப் போதகர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி வேறு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு தலைவன் எப்படி நடக்கவேண்டும், யாரிடம் சிரிக்கவேண்டும், எந்த நேரத்தில் கோபப்படவேண்டும் என்பதுவரை அவரிடம் பாடம் உண்டு.

"இங்க யார் பொறுப்பு?" மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டார்.

"எதுக்கு பாஸ்டர்?"

"எல்லாத்துக்கும்."

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "எல்லாத்துக்கும்னு யாரும் இல்லையே பாஸ்டர். மைக்குன்னா நான். பாட்டுன்னா கடைசி வீட்டு அக்கா. கல்லறை வேலைய டெய்லர் பாத்துக்கறாரு. வேற எதாச்சும் வேணுமா?"

வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அப்பா செத்துக் கிடக்கிறார், இங்கே ஒருவரும் ஓடக் காணோம், ஒருவரும் கத்தக் காணோம். இவ்வளவு காலம் உழைத்த மனிதன் இல்லாமல் போனது ஒருவருக்கும் உறைக்கவில்லையா என்று குமைந்தார். அப்பாவை எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அனுப்பிவைக்கவேண்டும். மகனாக அவருக்கு இனிச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவருடைய சபையிலிருந்து.

"பாஸ்டர், ஸ்டோர் ரூம் சாவி எங்க இருக்கு?"

"என் மேஜையில, ரெண்டாவது டிராயர்ல."

"ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கலாமா பாஸ்டர்?"

"வாங்குங்க. இதையெல்லாம் இன்னிக்கா கேக்கறது?"

"உங்களக் கேக்காம எப்படி பாஸ்டர்," என்றது அந்தக் குரல், உண்மையான பயத்தோடு.

பக்கத்து அறையில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். எதிரே டிரைவிங் ஸ்கூல் அக்கா, மடியில் ஒரு தாளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். கற்றுக்கொள்கிறவன் நடுங்கும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள் என்று பெயர்.

"பிரசங்கம் யாரு?" என்றார் சின்ன பாஸ்டர்.

"நான்தான் தம்பி."

"நீங்க தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. அப்பாவுக்கு நான்தான் பண்ணணும்."

"தாராளமா பண்ணுங்க," என்று அக்கா தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"சாப்பிட்டியாடா?" என்றாள் அம்மா.

"அப்புறம் பாத்துக்கலாம்மா."

அங்கியை மாட்டிக்கொள்ளும்போது பழைய நினைவு ஒன்று வந்து குத்தியது. அவருடைய பயிற்சி வகுப்பில் ஒரு கதை உண்டு. பெயர் சொல்லாமல் சொல்வார். "ஒரு போதகர் இருந்தாரு. மாசத்துக்கு ஒருநாள் கடைசி வரிசையில போய் உக்காந்துக்குவாரு. பிரசங்கத்த யார்கிட்ட குடுத்தாரு தெரியுமா? கார் ஓட்டச் சொல்லித்தர்ற அம்மாகிட்ட. கிளட்ச் எது பிரேக் எதுன்னு சபை கத்துக்கிச்சு." ஒவ்வொரு ஊரிலும் கூடம் அதிரச் சிரிக்கும். ஒருமுறை அப்பாவே சொல்லாமல் கொள்ளாமல் அந்த வகுப்புக்கு வந்து கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். கதை வந்தபோது எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். வெளியே வந்ததும் மகனின் தோளில் தட்டி, "நல்லா சொன்னடா. அந்த ஆளு நெஜமாவே அப்படித்தான்," என்றார். அதற்குமேல் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆள் அப்படித்தான்.

ஆராதனை தொடங்கியது. சின்ன பாஸ்டர் மேடை ஏறியதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குரலை எங்கே தாழ்த்தவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று அத்துப்படி. தலைவர்கள் இரண்டு வகை என்று ஆரம்பித்தார். முன்னால் நின்று இழுக்கிறவர்கள், பின்னால் நின்று தள்ளுகிறவர்கள். "என் தகப்பனார்..." என்றவர், அப்பா எந்த வகை என்று சொல்ல எண்ணிப் பெட்டியைப் பார்த்தார்.

அப்பாவின் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் மட்டும் இருந்தது.

அடுத்த வார்த்தை வரவில்லை. தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார், மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வார்த்தையைத் தேடத் தேட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. வாழ்க்கையிலேயே முதன்முறையாக மைக் முன்னால் நின்று ஒன்றும் செய்யத் தெரியாமல் விழித்தார். மானம் போகிறதே என்ற பயம் முதலில் வந்தது. அப்பாவைக் கைவிட்டுவிட்டோமே என்ற பயம் அதற்குப் பின்னால் வந்து பெரிதாக நின்றது.

மூன்றாவது வரிசையில் டிரைவிங் ஸ்கூல் அக்கா எழுந்தாள். மேடைக்கு வரவில்லை, நின்ற இடத்திலிருந்தே பேசினாள். "பெரிய பாஸ்டர் எந்த வகைன்னு தம்பி சொல்ல வந்தாரு. நான் சொல்றேன். நான் மொத தடவ பிரசங்கம் பண்ணப்ப, பைபிள் கதை நடுவுல மறந்துபோய் நின்னுட்டேன். அவரு கடைசி வரிசையில இருந்தாரு. எழுந்து வருவாரு, காப்பாத்துவாருன்னு பாத்தேன். வரல. கையக் கட்டிக்கிட்டு, நேரம் இருக்குங்கற மாதிரி உக்காந்திருந்தாரு. அப்ப பக்கத்துல இருந்த டெய்லர் எழுந்து மிச்சத்தச் சொன்னாரு."

"பாதிதான் சொன்னேன்," என்றார் டெய்லர் எழுந்து. "எனக்கும் பயத்துல மறந்துபோச்சு. அப்புறம் இவன் சொன்னான்." எலக்ட்ரீஷியனைக் கைகாட்டினார். ஆலயம் மெல்லச் சிரித்தது.

எலக்ட்ரீஷியனும் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பெரிய பாஸ்டரைப் பற்றிய பேச்சை ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுத்தார். ஒருவருக்கொருவர் கண்ஜாடை காட்டவில்லை, முறை வைக்கவில்லை. இந்தச் சபையில் வருடக்கணக்காக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, மகனுக்குத்தான் தெரியாது. வரும்போதெல்லாம் விருந்தாளியாக வந்து, மேடையில் பேசிவிட்டுப் போனவர்.

காலையிலிருந்து யாருக்குமே அப்பா இல்லாதது தெரியவில்லை என்று குமைந்துகொண்டிருந்தவர், மேடையில் நின்றபடி அந்த மனிதர்களைப் பார்த்தார். அப்பா கட்டியது இதைத்தான். கட்டடத்தைக் கட்டவில்லை, தன் பெயரைக் கட்டவில்லை. எவ்வளவு பெரிய மனுஷன் என்று நெஞ்சு விம்மியது. அதை இத்தனை பாடம் நடத்திய தனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று நினைத்தார். பிறகு, சொல்லித்தர வந்தவரைத்தான் கதையாக்கிச் சிரித்தோம் என்பதும் புரிந்தது.

மேடையை விட்டு இறங்கினார். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"அங்கியக் கழட்டிட்டு உக்காருடா. வேர்த்துக் கொட்டுது."

கழற்றிக் கொடுத்தார். உள்ளே பயணத்தில் கசங்கிய சட்டை. அம்மா அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவரால் அடக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை போலத் தோளில் சாய்ந்து அழுதார். பாஸ்டர் அழலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

எழுந்து நின்று பாடச் சொன்னார்கள். முதலடி எடுத்த கடைசி வீட்டு அக்கா பதற்றத்தில் சுருதியை எங்கேயோ உச்சியில் பிடித்துவிட்டாள். அவருடைய சபையாக இருந்தால் கையைத் தூக்கி நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்கச் சொல்லியிருப்பார். இங்கே எல்லாரும் அந்த உச்சிக்கே ஏறினார்கள். இரண்டாவது வரியில் பாதிப் பேருக்குக் குரல் கிழிந்தது. சின்ன பாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் கையை விடாமல், எட்டாத அந்தச் சுருதியிலேயே சேர்ந்து பாடினார்.