ஞாபகம் இல்லாத சாட்சி

வக்கீல் தர்மசீலன் ஒரு வழக்கில்கூடத் தோற்றதில்லை. எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போனதற்கு அது ஒன்றே போதும். எப்பேர்ப்பட்ட கொலையாக இருந்தாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், கூண்டில் நிற்கும் சாட்சியிடம் மெல்ல ஒரு கேள்வி கேட்பார், உடனே அந்த மனிதர் தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். நான் சிதம்பரம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவள். அங்கே ஒருத்தரும் தேம்பி நான் பார்க்கவில்லை. வாய்தா வாங்கிக்கொண்டு போவதைத்தான் பார்த்தேன்.

அது தூர்தர்ஷன் காலத்துப் பழைய தொடர். எங்கள் குமராட்சிப் பக்கம் கேபிள் நடத்தும் இளவரசு அதைச் சி.டி.யாக எங்கிருந்தோ பிடித்துவந்து, 2007இல் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தன் லோக்கல் சேனலில் போட ஆரம்பித்தான். போட்டதோடு விட்டானா என்றால் இல்லை. தீர்ப்பு வருவதற்கு முன்னால் சி.டி.யை நிறுத்திவிடுவான். பவுடர் பூசிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்து, "நேயர்களே, குற்றவாளி யார்? போன் போட்டுக் கருத்து சொல்லுங்க" என்பான். சரியாகச் சொன்னவருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. எங்கள் தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே தர்மசீலன், அதே கண்ணாடி. நடவுக்குப் போகிறவர்கள், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், எல்லோருக்கும் ஆளுக்கொரு கருத்து. சமையல்காரன்தான் கொன்றானா இல்லையா என்ற சண்டையில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் ஒரு வாரம் பேசாமல்கூட இருந்தன.

என் வீட்டுக்காரர் ராஜவேல் அந்தத் தொடருக்கு அடிமையானதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் மேலேயே ஒரு கேஸ் நடந்துகொண்டிருந்தது.

அவர் மினி பஸ் டிரைவர். பெருவெள்ளம் வடிந்த கையோடு, 2006 தையில், எங்கள் ஊர் மதகடி நிறுத்தத்தில் வைத்திலிங்கம் மாமா பஸ்ஸிலிருந்து விழுந்து பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அவர் எங்கள் தெருக்காரர். தினமும் இவர் பஸ்ஸில்தான் டவுனுக்குப் போவார், இவரை மாப்ளே மாப்ளே என்று கூப்பிட்டு வம்பிழுப்பார். கேள்வி ஒன்றே ஒன்றுதான். பஸ் நின்று, அவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது இவர் வண்டியை எடுத்தாரா, அல்லது நிற்பதற்கு முன்பே அவராகவே இறங்கினாரா? கண்டக்டர் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவன், ஒன்றும் பார்க்கவில்லை. மதகடியில் டீக்கடை வைத்திருக்கும் ஞானசேகரன், பஸ் நின்றது என்றும், மாமா ஒரு காலைக் கீழே வைத்ததும் வண்டி குலுங்கிக் கிளம்பியது என்றும் கோர்ட்டில் மனப்பாடம் செய்த மாதிரி ஒப்பித்துவிட்டார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். டீ ஆற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

கிட்டத்தில் இருந்து பார்த்தவள் கொளஞ்சியம்மாள் ஒருத்திதான். கீரைக் கட்டுகளைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் விற்கிறவள். அன்றைக்கு விற்றுவிட்டுத் திரும்பும்போது வாசற்படிக்கு நேரான முன்சீட்டில் மடியில் காலிக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நிறுத்தத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததைப் பார்த்து, அதற்கு முன்னாலேயே மேடான இடத்தில் இறங்கிவிடலாம் என்று மாமா ஓடுகிற வண்டியிலிருந்து கால் வைத்தார், சேறு வழுக்கிவிட்டது. இதை அவள் எங்கள் வீட்டில், குழாயடியில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறாள். சும்மா சொல்லமாட்டாள், எழுந்து நின்று கால் வைத்துக் காட்டுவாள். கடலூரிலிருந்து வரும் எங்கள் வக்கீல் சுப்பிரமணியன், இந்த அம்மா ஒருவர் போதும் என்று நிம்மதியாக இருந்தார்.

கேஸ் முடியட்டும் என்று முதலாளி இவரை வண்டியில் ஏற்றவில்லை. அதைக்கூட இவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவரை அரித்ததெல்லாம் மாமாவின் மனைவி ராசம்மாள் அத்தைதான். சாவுக்குப் போனபோது அத்தை இவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். அதிலிருந்து இவர் அந்த வீட்டைத் தாண்டிப் போவதில்லை, வாய்க்கால் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போவார். "ஜெயிலுக்குப் போனாக்கூடப் பரவால்ல எழிலு, நான் தள்ளிவுடலன்னு அத்தைக்குத் தெரியணும்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை.

ஞானசேகரன் சாட்சி சொன்ன அந்த வாரக் கடைசியில்தான் இவர் இளவரசுக்குப் போன் போட்டார். தொடரில் அன்றைக்கு ஒரு தோட்டக்காரன் சாட்சி சொல்லியிருந்தான். எந்தக் கதவு, எந்தக் கை, என்ன நிறச் சட்டை என்று ஒன்றையும் விடவில்லை. தெரு முழுக்க வேறு யாரையோ சந்தேகப்பட, இவர் அந்தத் தோட்டக்காரன்தான் என்றார். டி.வி.யில் இவர் குரல் கணீரென்று வந்தது.

"ரொம்பத் தெளிவா சொல்றவன நம்பக்கூடாதுங்க. நெசமாப் பாத்தவன் கொஞ்சம் தடுமாறுவான், மறந்துபோச்சும்பான். அட்சரம் பெசகாம ஒப்பிக்கறான் பாருங்க, அவன்தான் பொய்சாட்சி."

அவர் சொன்னது தோட்டக்காரனைப் பற்றி இல்லை, டீக்கடைக்காரரைப் பற்றி. எனக்குத் தெரிந்தது, ஞானசேகரனுக்கும் தெரிந்திருக்கும். தர்மசீலனும் அன்றைக்குத் தோட்டக்காரனையே பிடித்தார். டிபன் பாக்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. அடுத்த நாள் குழாயடியில் இவர்தான் அரை வக்கீல். கொளஞ்சியம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை, எங்க தம்பிக்கு என்னா மூளை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கொஞ்ச நாளில் அவள் சாட்சி சொல்லும் முறை வந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோர்ட்டில் பின்பெஞ்சியில் ராசம்மாள் அத்தையும் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் வந்துவிடுவாள், யாரிடமும் பேசமாட்டாள். சுப்பிரமணியன் எழுந்து, பஸ் நின்ற பிறகு அவர் இறங்கினாரா, நிற்பதற்கு முன்பா என்று கேட்டார். கொளஞ்சியம்மாள் கூரையைப் பார்த்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

"சரியா ஞாபகம் இல்லீங்க" என்றாள். "நின்ன மாரியும் இருந்துச்சி, நிக்காத மாரியும் இருந்துச்சி."

சுப்பிரமணியன் மறுபடி கேட்டார். நீங்கள் முன்சீட்டில்தானே இருந்தீர்கள் என்றார். அதுவும் மறந்துபோய்விட்டதாம். எந்தக் காலை முதலில் வைத்தார் என்றதற்கு, வயசாகிவிட்டது ஐயா, தடுமாறுது என்றாள். ரேஷன் கடையில் வலது காலைத் தூக்கிக் காட்டியவள் இவள். யாரோ இவளை மிரட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது.

வெளியே வேப்பமரத்தடிக்கு அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையின் முகம்.

"எப்புடித் தம்பி? நீ டி.வி.ல சொன்ன மாரியே தடுமாறித் தடுமாறி சொல்லிட்டேன். தெளிவா சொன்னா பொய்சாட்சின்னுதான நெனைப்பாங்க? இப்ப நெசம்னு நம்பியிருப்பாங்கல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கொண்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நல்லா சொன்னீங்கக்கா, வாங்க டீ சாப்புடலாம்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார், பஸ் ஏற்றியும் விட்டார். மனு போட்டு அவளைத் திரும்பக் கூண்டில் ஏற்றலாம், ஆனால் இப்போது தெளிவாகச் சொன்னால் சொல்லிக்கொடுத்த சாட்சி என்பார்கள் என்று வக்கீல் சொன்னார். வேண்டாம் சார் என்றுவிட்டார் இவர். நான் உளறியதற்கு அந்தக்கா எதற்கு ஊர் நடுவில் தலைகுனிய வேண்டும் என்றார். நல்லவராக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. விடுதலை. ஞானசேகரன் நின்ற இடத்திலிருந்து படிக்கட்டு தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நிரூபணமாகிவிட்டது. வேறு சாட்சியும் உறுதியாக இல்லாததால், சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கிறோம் என்று வாசித்தார்கள். எங்கள் வக்கீல் கை கொடுத்தார். அத்தை எழுந்து, எங்களைப் பார்க்காமல் வெளியே போனாள். இவர் அந்தக் காலியான பெஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருவில் அதற்கும் நேயர் கருத்து நடந்தது. தர்மசீலன் காட்டிய பழக்கம், ஒருத்தர் குற்றவாளி இல்லையென்றால் இன்னொருத்தர் இருந்தாக வேண்டும். விடுதலை சரி, அப்படியென்றால் யார் செய்தது என்று கேட்டார்கள். சந்தேகம் என்றுதானே சொன்னார்கள், செய்யவில்லை என்று சொல்லவில்லையே என்று நியாயம் பேசினார்கள். முதலாளி இவரை வண்டியில் ஏற்றிக்கொண்டார். மதகடி வந்தால் எல்லோரும் இறங்கியாச்சா என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் இவர் வண்டியை எடுக்கிறார் என்று கண்டக்டர் என்னிடம் சொன்னான். வாய்க்கால் கரைச் சுற்று மட்டும் நிற்கவில்லை.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் இவர் வண்டிக்குப் போன பிறகு கொளஞ்சியம்மாள் வீட்டுக்குப் போய், அவள் கோர்ட்டில் சொன்னது எங்களுக்கு என்ன செய்தது என்பதை உடைத்தே சொல்லிவிட்டேன். அவள் அடித்துப்போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டாள். எனக்கே பாவமாகிவிட்டது. அப்புறம் அவளாகவே எழுந்து, வா, ராசம்மாகிட்ட போவலாம் என்றாள்.

அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கொளஞ்சியம்மாள் நின்றபடியே சொன்னாள். மேட்டில் இறங்கலாம் என்று அவர் எழுந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது, வலது காலை வைத்தது, வழுக்கியது. இந்த முறை கால் வைத்து நடித்துக் காட்டவில்லை. தடுமாறவும் இல்லை. சொல்லி முடித்ததும், ராஜவேலு மேல தப்பே இல்ல ராசம்மா என்றாள்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். நான் சண்டையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த மனுசன் எந்த பஸ்ஸு நின்னு எறங்கியிருக்காரு? கல்யாணமான நாள்லேருந்து சொல்லிச் சொல்லி என் வாயி தேஞ்சிபோச்சி. ஆனா செத்துப்போனவரு மேல நானே எப்புடிப் பழி போடறது? எம்புள்ளைங்க என்னை என்னா கேக்கும்? பாத்தவ ஒருத்தி இருக்காளே, அவ கோர்ட்டுல சொல்லட்டும், சொன்னா நானும் ராஜவேலுகிட்ட மொகங்குடுத்துப் பேசலாம்னுதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போயி குந்தியிருந்தேன்."

கொளஞ்சியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஊரெல்லாம் சொன்னியே" என்று அத்தை அவளைக் கேட்டாள். குரலில் கோபமே இல்லை. "அங்க வந்து ஏன் ஞாபகம் இல்லன்ன?"

கொளஞ்சியம்மாள் என்னைப் பார்த்தாள். அத்தையும் என்னைப் பார்த்தாள். ஒரு டி.வி. தொடர், ஒரு போன், என் புருசன் பேசிய பேச்சு என்று எனக்கு எல்லாம் தெரியும். புருசனைப் பறிகொடுத்துவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து காத்திருந்தவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? அத்தை பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.