அழகாகப் பாடாதீங்க அக்கா

“அக்கா, அழகாப் பாடாதீங்க!” என்று சந்திரப்பிரபு கிட்டாரைத் தட்டி நிறுத்தினான். காலையிலிருந்து இது பதினெட்டாவது தடவை. தையல்நாயகிக்கு அந்தக் கிட்டாரைப் பிடுங்கி, ஒத்திகை மாடியிலிருந்து திண்டிவனம் கடைத்தெருவில் வீசலாமா என்றிருந்தது.

பதினோரு வருடமாக அந்த மெல்லிசைக் குழுவின் ஒரே பெண் குரல் அவள். எந்தக் கதாநாயகிக்கு யார் பாடியிருந்தாலும் சரி, கண்ணை மூடிக் கேட்டால் ரெக்கார்டா ஆளா என்று தெரியாது. இப்போது, எண்பத்தாறாம் வருடத்தில், ஒரு கல்லூரி விழாவுக்கு இங்கிலீஷ் பங்க் பாட்டு வேண்டுமாம். பங்க் என்றால் அதுவரை அவளுக்குப் பையன்களின் தலைமுடிதான். “அந்தப் பாட்டு உனக்கு வரலன்னா சொல்லிடும்மா, பாண்டியில ஒரு பொண்ணு ரெடியா கீது,” என்று குழுவை நடத்தும் விருத்தாசலம் சொல்லிவிட்டார். குழுவில் இரண்டு பெண்களுக்கு இடமில்லை என்பதை அவர் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சந்திரப்பிரபு தன் அண்ணன் பம்பாயிலிருந்து அனுப்பிய கேசட்டைக் கொடுத்திருந்தான். ஒரு வாரம் கேட்டாள். மூக்கால் பாட வேண்டும். சொல்லைக் கடித்துத் துப்ப வேண்டும். குழையக் கூடாது. கோபித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்துவதுபோல் வரியை முடிக்க வேண்டும். இதற்குப் பெயர் பாட்டா என்று அலுத்துக்கொண்டேதான் கற்றாள்.

பத்தொன்பதாவது தடவை, கேசட்டில் கேட்டதை அப்படியே குரலில் இறக்கி வைத்தாள். டிரம்ஸ்காரர் வாயைப் பிளந்தார். சந்திரப்பிரபு துள்ளினான். இரண்டாவது சரணத்தில் அவள் குரல் திடீரென்று கனத்து, எருமை கத்துவதுபோல் இழுத்து, பாதி வரியை விழுங்கி அடுத்த வரிக்குத் தாவியது.

“ஐயோ அக்கா, அது டேப்பு சிக்கிக்கினு இழுத்தது! பாட்டு இல்ல!”

“கேசட்டுல இருக்கிறதத்தானப்பா பாடினேன்?”

“கேசட்ட வுடுங்க. உங்க கொரல்ல கத்துங்க.”

“என் கொரல்னா, யாருது?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. முயன்று பார்த்தாள். ஒரு கதாநாயகி வந்தாள்; அவளைத் தள்ளினால் இன்னொருத்தி வந்து நின்றாள். அழுகை வந்தது, அதைவிட எரிச்சல் வந்தது. “புதன்கிழமை வரைக்கும் பாப்போம்,” என்றார் விருத்தாசலம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் பிடித்து விழுப்புரம் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. கணவன் முறத்தை மடியில் வைத்து, மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலையை உரித்துக்கொண்டிருந்தான்.

“என் கொரல் எப்படி இருக்கும், சொல்லுங்க.”

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

“எந்தப் படத்துல?”

பதினோரு வருடத்து எரிச்சலும் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறிவிட்டது.

“கிருஷ்ணசாமீ!”

ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால்கூட, பக்கத்து வீட்டுக்காரியை விட்டுச் சொல்லவைத்தவள் அவள். முறம் கவிழ்ந்து மல்லாட்டை தரையெல்லாம் ஓடியது. மூக்கால் கிளம்பி, கடைசியில் கிழிந்த குரல். நன்றாகவே இல்லை. அப்படி ஒரு குரலை எந்தப் படத்திலும் அவள் கேட்டதில்லை.

“இன்னாமே ஆச்சு உனக்கு? பேரச் சொல்லிக் கூப்புடற!”

“கொஞ்சம் சும்மா இருங்க,” என்று அவள் கையைக் காட்டினாள். “இந்தக் கொரல் மறந்துடும். இன்னொரு வாட்டி கூப்ட்டுக்கறேன்.”