படி போடாத வீட்டு விசில்

1
இந்தக் கதை எனக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. எண்பத்து நாலில் ஊர்க் காவல் குழுவில் இருந்தாராம் ஒருவர். "ஒரு வூட்டாண்ட மட்டும் ஊதாமயே போயிட்டேன் சார்" என்றார். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை நான்தான் எழுத வேண்டும்.

2
பிரம்மதேசத்தை இருள் மெல்லப் போர்த்திய... (வேண்டாம். அடித்துவிட்டேன்.)

திருட்டு பயத்தில் ஊர் இளவட்டங்கள் குழு அமைத்தார்கள். போலீஸ் மேலிடம் விசில்களைக் கொடுத்து வாழ்த்தியதோடு சரி. டார்ச் லைட்டுச் செலவுக்கு ஊர்தான் தர வேண்டும், வீட்டுக்கு ஒரு படி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மாட்டு வண்டியில் மைக் கட்டிக் கத்தியவன் தாண்டவராயன். "ஒரு படி போடுங்க, நிம்மதியா தூங்குங்க!"

யாரும் அசையவில்லை. அவனே ஒரு யோசனை சொன்னான்: படி போட்ட வாசலில்தான் விசில், மற்ற வாசலைப் பேசாமல் கடந்துவிடுவது. ரோஷத்தில் ஊரே போட்டது, சக்கரபாணி தவிர.

"எம் மல்லாட்டைய தின்னுட்டு எம் மல்லாட்டைக்கே காவலா?"

(காவல் இல்லாத வீடு எதுவென்று திருடனுக்கும் சொல்லிவிட்டோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது வேறு கதை.)

சக்கரபாணியின் மகள் தையல்நாயகி. அவள் வாசலைக் கடக்க ஒரு சாக்கு வேண்டித்தான் தாண்டவராயன் குழுவிலேயே சேர்ந்தான், பாவம்.

3
தையல்நாயகியின் கண்கள்... (எனக்கு அவளைச் சரியாகத் தெரியாது. அவளே பேசட்டும்.)

"எல்லா வூட்டாண்டயும் ஊதறீங்க. எங்க வூடு வந்தா மட்டும் வாய மூடிக்கினு போறீங்க."

"உங்கப்பா படி போடலியே."

"தையில எனக்குக் கல்யாணம். முண்டியம்பாக்கத்து மாப்ள. அதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி ஊதுங்க. வெளிய வந்து உங்களத்தான் கட்டிக்குவேன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன். ஊதலன்னா கழுத்த நீட்டிடறேன்."

படி போடாத வாசலில் விசில் கேட்டால், ஏன் என்று ஊரே எழுந்து வந்து கேட்கும். அவன் போட்ட சட்டம் அப்படி.

4
முடிவு ஒன்று: தன் மல்லாட்டையைச் சக்கரபாணி பேரில் போட்டுவிட்டு ஊதுகிறான். (நடக்காது. கொடுத்தவர் பெயரை மைக்கில் படிப்பார்கள். மனிதர் கம்போடு வந்துவிடுவார்.)

முடிவு இரண்டு: பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்னது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

5
கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. தாண்டவராயன் அந்த வாசலில் நிற்கிறான், விசில் உதட்டில். உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்து அவள். அவன் ஊத வேண்டுமென்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது எனக்குத் தெரியும், அதனால் என்னால் முடியாது.

உங்களால் முடியும். இந்தக் கதைக்கு நீங்களும் மல்லாட்டை எதுவும் போடவில்லைதான், பரவாயில்லை. ஒரு தடவை ஊதிவிடுங்கள்.

அவள் இன்னும் தூங்கவில்லை.