அம்மா எழுதாத வரி

பள்ளி விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை, அம்மா வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க, அவள் வேலை செய்யும் மருத்துவமனைக்குப் போன மகள், கீழ்த்தளத்துத் துணி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். தெத்துப்பல் தெரிந்துவிடுமென்று எப்போதும் வாயைப் பொத்திக்கொள்கிற அம்மா, அன்று பொத்தவில்லை. எதிரே, வியாழன்தோறும் லிஃப்ட் பார்க்க வரும் மெக்கானிக், கிரீஸ் படாமல் டீ டம்ளரை விரல் நுனியில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்பா விட்டுப்போய்ப் பன்னிரண்டு வருஷம். மகளுக்கு வயது பதினைந்து. இவர்களை இப்படியே விட்டால் வியாழக்கிழமை டீயிலேயே தலை நரைத்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. சாயங்காலம் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, அம்மாவின் ஃபோனிலிருந்து அவருக்கு எழுதினாள்: 'நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? யோசிச்சு நேர்ல சொல்லுங்க.' அனுப்பிய கையோடு அம்மாவின் ஃபோனிலிருந்து அதை அழித்தும் விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை அவர் சீருடை இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையில் வந்தாராம். நின்றபடியே, "எனக்குச் சம்மதங்க" என்றாராம். எதற்கென்று அம்மா கேட்க, ஃபோனை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"இத நான் எழுதலைங்க."

அம்மா சொன்னது அவ்வளவுதான். அவர், "பரவால்லைங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு லிஃப்ட் பார்க்க வேறொருவர் வந்தார்.

எழுதியது யாரென்று புரிந்தும் அம்மா திட்டவேயில்லை. அதைத்தான் மகளால் தாங்க முடியவில்லை.

"உனக்கு அவரைப் பிடிக்கலைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பிடிக்கலைன்னு யாருடி சொன்னா?" அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மெதுவா நானே போய்ச் சேர்ந்திருப்பேன். நீ பின்னாலேர்ந்து பிடிச்சுத் தள்ளிட்டே."

மறுநாள் மகள் அவருக்கு ஃபோன் செய்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அம்மாவுக்கு உங்களைப் பிடிக்கும் என்றும் சொன்னாள்.

"இதையும் நீதானேம்மா சொல்றே" என்றார், கோபமில்லாமல்.

அதையும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னாள். அவர் எண்ணை எடுத்து, ஃபோனைக் கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.

"நீயே ஒரு வார்த்தை பேசேன்ம்மா."

அம்மா அதைக் கையில் எடுக்கவில்லை, தள்ளியும் வைக்கவில்லை. திரையின் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அணையப் போகிற நேரம், ஒற்றை விரலால் மெல்லத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கத் தொடங்கியது.