தொப்பூர் வழக்கில் டிரைவராக நின்றவன்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. தொப்பூரில் ஒரு புரோட்டாக் கடையில் அர்ச்சுனன் சொன்னது. 1986இல், பத்தாம் வகுப்பு மாணவர்கள் நடத்திய மாதிரி நீதிமன்றத்தில் லாரி டிரைவராக நடித்தவர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைப்பாதை வளைவில் மரணம் காத்துக்கிடந்த—' வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

2

கணவாய் இறக்கத்தில் ஒரு லாரி டீக்கடைக்குள் புகுந்தது. உள்ளே இருந்த ஸ்தனிஸ்லாஸ் இறந்துபோனார். டிரைவர் காட்டுக்குள் ஓடினான்; அகப்படவேயில்லை. குடித்திருந்தான் என்றது ஊர்.

சில மாதம் கழித்து, பள்ளிக் குடிமையியல் மன்றத்தில் விசாரிக்க ஒரு வழக்குச் சொல்லும்படி அல்போன்ஸ் சார் கேட்டார். யாரோ அந்த விபத்தைச் சொல்ல, சார் அதட்டினார். இறந்தவரின் மகள் லூர்துமேரி அதே வகுப்பில் இருந்தாள்.

அவளே எழுந்தாள்.

"அதையே வைங்க சார். டிரைவருக்கு நான் வக்கீலா நிக்கறேன்."

"ஏம்மா?"

"குடிச்சிருந்தான்னு சொல்றவங்க யாருமே பாக்கலீங்க சார்."

(பதினைந்து வயதுப் பெண் இப்படிப் பேசுவாளா? எனக்குச் சந்தேகம். அர்ச்சுனனிடம் கேட்டேன். "பேசுச்சுங்க" என்றார்.)

3

விசாரணையன்று பெற்றோரும் வந்திருந்தார்கள். சாட்சியாக நின்ற மாணவன் மாயவன், "டிரைவர் தள்ளாடுனான்" என்றான். லூர்துமேரி குறுக்குவிசாரணைக்கு எழுந்தாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"எல்லாரும் சொன்னாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"பிரேக் புடிக்கலன்னாலும் லாரி அப்படித்தானே வந்திருக்கும்?"

கூட்டத்தில் ஒரு குரல் கத்தியது. "அப்பனக் கொன்னவனுக்குப் பேசுதே, என்ன பொண்ணு இது!"

லூர்துமேரி உட்காரவில்லை.

அப்போது அவள் அம்மா மிக்கேலம்மாள் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். மகளை அடிக்கப்போகிறார் என்று அல்போன்ஸ் சார் பதறி எழுந்தார். மிக்கேலம்மாள் மகளைத் தாண்டிப் போய், காக்கிச் சட்டையில் நின்ற அர்ச்சுனன் முன்னால் நின்றார்.

"ஓடறதுக்கு முன்னால எங்கூட்டுக்காரர் மொகத்தப் பாத்தியாப்பா? கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

அவனுக்கு எழுதிக்கொடுத்த வசனத்தில் அது இல்லை.

4

இங்கே சிக்கிக்கொண்டேன். 'உங்க பேரச் சொன்னாருங்க' என்று எழுதினேன். பொய். 'நான் டிரைவர் இல்லீங்கம்மா' என்று எழுதினேன். உண்மை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை யார் சொல்வது? இரண்டையும் அடித்தேன்.

லூர்துமேரி சொன்னது மட்டும் அர்ச்சுனனுக்கு நினைவிருக்கிறது. அம்மாவைப் பார்க்காமல், அவனிடம் சொன்னாள்:

"தெரியாதத தெரியாதுன்னு சொல்லு, அர்ச்சுனா."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் காக்கிச் சட்டையை இப்போது நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மிக்கேலம்மாள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.