செத்துப்போனதாகச் சொன்ன இறால்

பந்தெலிஸ் மாதிரி ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. பக்கவாதம் வந்து இடது கையையும் இடது காலையும் கொண்டுபோனது. நாக்கைத் தொடாமல் விட்டுவிட்டது. போகிறதுதான் போகிறது, அதையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கக் கூடாதா என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

கிரீஸ் நாட்டில் கவாலா துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் தெருவில் எனக்கு மீன் கடை. சாப்பிடுகிற மீன் இல்லை, தொட்டியில் வளர்க்கிற மீன். கடல் காலடியில் கிடக்கும்போது மீன் தொட்டிக்கென்று மூட்டை மூட்டையாக உப்பு விற்கிறான் பார் என்று ஊரே என்னைக் கிண்டல் செய்யும். பந்தெலிஸ் பழைய வாடிக்கை. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த காலத்திலிருந்தே வீட்டுக் கூடத்தில், உப்புத் தண்ணீரில் உயிர்ப்பவளமும் மீனும் வளர்க்கிற ஒரு சின்னப் பவளத் தொட்டி வைத்திருந்தார். படுக்கையில் விழுந்ததும் சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தொட்டிக்கு நேர் எதிரே போடச் சொன்னார். அன்றிலிருந்து தொட்டி வேலையெல்லாம் அவர் மனைவி எவாந்தியாவின் தலையில் விழுந்தது. கத்துவது மட்டும் அவர் பங்கு.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் கோமாளி மீனின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. அதற்கான மருந்து செம்பு கலந்தது. பவளத் தொட்டியில் ஊற்றினால் முதுகெலும்பில்லாத எல்லாவற்றுக்கும் அன்றோடு பால்தான். அதனால் ஒரு க்ளீனர் இறாலைக் கொண்டுபோனேன். சிவப்பு முதுகில் ஒரு வெள்ளைக் கோடு, நீள நீளமாக வெள்ளை மீசை. மீனின் மேல் ஏறி உட்கார்ந்து அழுக்கையும் பூச்சியையும் கிள்ளித் தின்னும். முழு வைத்தியம் இல்லை, கொஞ்சம் கைகொடுக்கும்.

உப்பின் அளவு சட்டென்று மாறினால் இறால் தாங்காது. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் வாளியில் விட்டுப் பழக்க வேண்டும். அத்தனை நேரமும் எவாந்தியா அக்கா முக்காலியைப் போட்டு வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பிரசவம் பாக்குறா பாருடா லாம்ப்ரோஸ்," என்றார் பந்தெலிஸ். "சொந்தமாப் பெத்துக்க வக்கில்ல. இறாலுக்காவது பாத்துட்டுப் போகட்டும்."

அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. என் காதுதான் சுட்டது.

அக்காவுக்கு நல்ல கை. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த இடத்தை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். கண்ணாடியில் போட்ட கோட்டுக்கு மேலேயோ கீழேயோ தண்ணீர் நின்று நான் பார்த்ததே இல்லை. சோப்பு போடாமல் கை கழுவி, சிப்பிச் சதையைப் பொடியாக நறுக்கி இடுக்கியால் ஊட்டுவார். இறால் அவர் விரலில் ஏறி நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். அப்போது அவர் சிரிப்பார். அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

தவக்காலத்தில் எங்களுக்கு இறைச்சி கிடையாது. சிப்பி, கணவாய், இறால் உண்டு. அடுப்படியில் இறால் பொரியும் வாசனை வந்தால் பந்தெலிஸ் கூடத்திலிருந்து தொடங்கிவிடுவார். "அங்க சொந்தக்காரனையெல்லாம் எண்ணெய்ல போடுறா. இங்க வந்து ஒருத்தனுக்கு ஊட்டி விடுறா!"

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு லிம்னோஸ் தீவில் ஒரு ஞானஸ்நானம். அக்காவின் தங்கை மரிகோவுக்குப் பேரக்குழந்தை பிறந்திருந்தது. ஞானத்தாயாக எவாந்தியா அக்காவைக் கேட்டிருந்தார்கள். பிள்ளையில்லாத பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டாம். சாகும்வரை அம்மா என்று ஒரு பிள்ளை உரிமையோடு வந்து நிற்கும். வெள்ளை உடுப்பு, சின்னச் சிலுவை, ரிப்பன் கட்டிய மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி, உப்பு மூட்டை எடுக்க வந்தபோது என் கடையிலேயே பிரித்துக் காட்டினார்.

பந்தெலிஸ் ஒரு நிபந்தனை போட்டார். "அதுவரைக்கும் இந்த இறால் உசுரோட இருந்தா போ. என் தங்கச்சி வந்து என்னைப் பாத்துக்கட்டும். ஒரு இறாலையே காப்பாத்த முடியாத கையில யாராவது குழந்தையக் குடுப்பானா?"

புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை மதியம் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தார்.

"டேய், அவ உன் கடைக்கு வர்றா. இறால் சட்டை உரிச்சிருக்கு. அதப் பொணம்னு நெனச்சு டப்பாவுல போட்டுத் தூக்கிட்டு வர்றா. நானும், 'செத்துப்போச்சு, நீதான் கொன்னே'ன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். நீ உண்மையச் சொல்லிடாத, நல்லாத் திட்டி அனுப்பு."

"அண்ணே, இதெல்லாம் பாவம்..."

"போடா பெரிய புண்ணியவானே," என்று வைத்துவிட்டார்.

பாம்பு சட்டை உரிப்பதுபோல இறாலும் வளர வளர ஓட்டைக் கழற்றும். மீசை, கால், கண்ணின் மேலோடு எல்லாம் அப்படியே இருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்குப் பிணமேதான். கழற்றியபின் உடம்பு மெத்தென்று இருப்பதால் பயந்துபோய்ப் பாறை இடுக்கில் பதுங்கிக்கொள்ளும். இதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. புருஷன் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா உள்ளே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"கொன்னுட்டேன் தம்பி. அவர் உன்கிட்ட என் வாயாலயே சொல்லச் சொன்னார்."

நான் டப்பாவைத் திறந்து அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். "உள்ள பாருங்க அக்கா. ஒண்ணுமே இல்ல. இது வெறும் ஓடு. உங்க இறால் பாறைக்குப் பின்னால இருக்கு. நாளைக்கோ மறுநாளோ வெளிய வந்துடும்."

அக்கா ஓட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவருக்கு இது தெரியுமா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியும் அக்கா."

"எப்போ தெரியும்?"

"பாத்த உடனேயே."

அக்காவின் முகம் செத்துப்போனது. "மரிகோவுக்குப் போன் பண்ணச் சொன்னார் தம்பி. அவர் முன்னாலயே. நான் வரலன்னு சொல்லிட்டேன்."

"இப்பவே கூப்பிட்டு வர்றேன்னு சொல்லுங்க," என்று என் போனை எடுத்து அக்காவின் கையில் திணித்தேன். தங்கை குரல் எனக்கே கேட்டது.

"அக்கா, காலையில நீதானே முடியாதுன்னே! மாப்பிள்ளையோட தங்கச்சிகிட்டச் சொல்லியாச்சு. அவ சந்தோஷத்துல அழுதுட்டா. சாமியார் பேரையும் எழுதிட்டார். ஒரே நாள்ல ரெண்டு தடவை ஞானத்தாயை மாத்தினா அவங்க வீட்டுல என் பொண்ணு வாழ வேண்டாமா?"

"வேண்டாம்," என்றார் அக்கா. "நீ சொல்றது சரிதான். மாத்தாத."

போனைத் திருப்பிக் கொடுத்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"தம்பி, நெசமாவே அதைக் கொல்லணும்னா என்ன பண்ணணும்?"

"அக்கா!"

"தொட்டியில ஊத்தக் கூடாதுன்னு அன்னைக்கு நீ சொன்ன செம்பு மருந்துதானே? ஒரு மூடி போதுமா?"

 அக்கா அலமாரியிலிருந்த அந்த மருந்துப் பாட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாங்காமல் போய்விட்டார்.

இரண்டு நாள் எனக்கு மனசே ஆறவில்லை. மருந்து விற்க ஊரில் வேறு கடை இல்லையா என்ன. வியாழக்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் படியேறினேன். கதவைத் திறந்ததே அக்காதான். வீடெல்லாம் ஈஸ்டர் ரொட்டி வாசனை.

தொட்டித் தண்ணீர் பளிங்காக இருந்தது. பவளம் விரிந்திருந்தது. கட்டில்தான் திரும்பியிருந்தது. பந்தெலிஸின் முகம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கிடந்தது, தொட்டி அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. தானாகத் திரும்ப அவரால் முடியாது. போனையும் காணோம்.

"யாருடா அது? லாம்ப்ரோஸா? டேய், இவ கட்டிலத் திருப்பிட்டாடா! ரெண்டு நாளா இந்தச் செவுத்தையே பாக்குறேன். இறால் வெளிய வந்துச்சா கேட்டா, செத்துப்போச்சுங்கிறா. மீனும் செத்துப்போச்சாம், பவளமும் வெளுத்துப்போச்சாம். பொய்தானே? சொல்லுடா!"

அக்கா முக்காலியில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டார். பாறை இடுக்கிலிருந்து இறால் வந்தது. புது ஓட்டில் அப்படி ஒரு சிவப்பு. விரலில் ஏறி, மீசையை ஆட்டி ஆட்டி, நகக்கண்ணைக் கிள்ளத் தொடங்கியது.

"அவர் சாகுறவரைக்கும் நான் பாத்துக்குவேன் தம்பி," என்றார் அக்கா, சத்தமாகவே. "வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, குளியல். ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஆனா இந்தப் பக்கம் திருப்ப மாட்டேன்."

"லாம்ப்ரோஸ்..." பந்தெலிஸின் குரல் உடைந்தது. அந்தக் குரலில் அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. "தம்பி, நீ சொன்னா நம்புறேன்டா. உசுரோட இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. இருந்தது என்று சொன்னால் பொய்.

"செத்துப்போச்சு அண்ணே," என்றேன்.

படியிறங்கும்போது அவர் குழந்தை மாதிரி அழுவது கேட்டது. அக்கா தொட்டியின் பம்பைக் கூட்டி வைத்தார் போலிருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் அழுகையைவிடப் பெரிதாகக் கேட்டது.